பதினோராவது சொட்டு

சோதனை மருந்தின் எட்டாவது சொட்டில் நீலம் மஞ்சளாக மாற வேண்டும். மாறவில்லை. பெரியவர் ஒன்பதாவதை விட்டார், பத்தாவதை விட்டார். குப்பியிலிருந்த தொட்டித் தண்ணீர் நீலமாகவே முறைத்தது. பதினோராவது சொட்டுக்குத்தான் மனமிறங்கி மஞ்சளானது. சொட்டுக்கு ஒரு டிகிரி. ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரின் காரச்சத்து, பதினொன்று. இருக்க வேண்டியது எட்டு.

முப்பத்தோரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர் அவர். கடைத்தெருத் தராசுகள் அவர் தலையைக் கண்டாலே நேராக நிற்கும் என்று பேச்சு. அவர் கை இருபது மில்லி ஊற்றினால் அது இருபது மில்லிதான். ஆகவே தப்பு சோதனை மருந்தில் என்று முடிவு கட்டினார்.

பவளத் தொட்டி மனைவியுடையது. கூடத்துச் சுவரோரம் ஐந்தடி நீளத்துக்கு உப்புத் தண்ணீர், அதற்குள் கிளைகிளையாகப் பவளங்கள். பவளம் உயிருள்ள பிராணி. தன் எலும்பைக் கட்டுவதற்குத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் தின்றுகொண்டே இருக்கும். தின்றதை நாம் தினமும் திருப்பி ஊற்ற வேண்டும். குறைந்தாலும் சாகும், கூடினாலும் சாகும். இதெல்லாம் அவள் சொல்லிக் கேட்டது. போன வருடம் அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் வளர்த்ததைச் சாகவிட்டார்கள் என்று நாலு பேர் வாயில் வரக்கூடாது. காலை ஏழுக்கு ஒரு பாட்டிலிலிருந்து இருபது மில்லி ஆல்கலினிட்டி, மாலை ஏழுக்கு இன்னொரு பாட்டிலிலிருந்து கால்சியம். ஒரு நாள் தவறியதில்லை. ஆனாலும் கிளை நுனிகள் வெந்தது போல வெளுத்துவந்தன. தொட்டிக்குள் இருந்த ஹீட்டர்மேல் சுண்ணாம்பு பொருக்குத் தட்டிக் கிடந்தது.

மாடியில் தம்பி இருந்தான். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவன். அவனோடு பேச்சு நின்று ஆறு வருடம். சுற்றுச்சுவர்த் தகராறில் நியாயம் நம் பக்கம் இருந்தும், பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். செய்யாத குற்றத்துக்கு இந்த வீட்டில் யாரும் அதுவரை தலைகுனிந்ததில்லை. மனைவி இருந்தவரை, "அவன்கிட்ட சொல்லு" என்பார் பெரியவர். அவள் படியேறிச் சொல்லிவிட்டு வருவாள். இப்போது மேலே நாற்காலி நகரும் சத்தம்தான். அந்தச் சத்தத்தை வைத்தே அவன் சாப்பிட்டானா, படுத்தானா என்று சொல்லிவிடுவார். சொல்லத்தான் ஆளில்லை.

புதுச் சோதனை மருந்து வாங்க வண்ணமீன் கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஹீட்டரில் சுண்ணாம்பு என்றதும் சிரித்தாள்.

"மருந்து நல்லாத்தான் இருக்கு சார். ரெண்டு பேரும் மாறி மாறி ஊத்துனா பதினொண்ணு காட்டாம என்ன காட்டும்?"

"ரெண்டு பேரா?"

"போன மாசம் உங்க தம்பி இதே ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போனாரே! தினம் நீங்க நூலகத்துக்குப் போற நேரமாப் பாத்து ஊத்துறாராம். அண்ணி தொட்டிய அண்ணன் சரியாப் பாக்கலேன்னு கவலைப்பட்டாரு."

"நான் பாக்கலையா? நானா?"

"என்கிட்ட ஏன் சார் முறைக்கிறீங்க? ஒரே வீடு. மாடியப் பாத்து ஒரு குரல் குடுத்தா முடிஞ்சுது."

குரல் கொடுப்பதாவது! பெரியவர் வீட்டுக்கு வந்து இரண்டு பாட்டில்களையும் மூடி அலமாரியில் வைத்தார். அவனே ஊற்றட்டும். பவளம் பிழைத்தால் போதும், பேச்சுக்குப் போய் நிற்க வேண்டியதில்லை.

மறுநாள் சோதித்தார்: பத்து. அதற்கடுத்த நாள் ஒன்பது. எட்டு வந்த அன்று தன் விவேகத்தைத் தானே மெச்சிக்கொண்டார். மறுநாள் ஏழு. அதற்கும் மறுநாள் ஆறாவது சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது. பவளங்கள் சுருங்கிக் கிடந்தன. மூலையில் இருந்த ஊதா நிறப் பவளம் தோலுரிந்து எலும்பாக நின்றது. அவள் முதன்முதலில் வைத்தது அது.

பெரியவர் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார்.

"தொட்டியில ஆறு காட்டுது" என்றார், கைப்பிடிச் சுவரிடம் சொல்வது போல.

மேலே கதவு திறந்தது. "ஆறா? நீங்க ஊத்தலையா?"

"நீ ஊத்துறேன்னு விட்டுட்டேன்."

"கடைக்கார அம்மா போன் பண்ணாங்க. அண்ணன் மூஞ்சியத் தூக்கிட்டுப் போறாருன்னாங்க. நமக்கெதுக்கு வம்புன்னு நானும் நிறுத்திட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"இப்பவே நாப்பது மில்லி ஊத்திடுறேன்" என்றார் பெரியவர்.

"ஐயோ, வேண்டாண்ணே! ஒரேடியா ஏத்துனா மிச்சமும் போயிரும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிதான். அண்ணி நோட்டுல எழுதி வச்சிருக்காங்க."

நோட்டு ஒன்று இருப்பதே பெரியவருக்குத் தெரியாது. அதை அவள் மாடியில் கொடுத்திருக்கிறாள். அது எங்கேயோ குத்தியது. ஆனால் தொட்டி காத்திருந்தது.

"எனக்கு மஞ்சள் சரியாத் தெரிய மாட்டேங்குது. நீ வந்து எண்ணு" என்றார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

தம்பி நோட்டோடு இறங்கி வந்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு சொட்டாக வாய்விட்டு எண்ணினான். பெரியவர் குப்பியைப் பார்க்கவில்லை. எண்ணுகிற குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறுதான்" என்றான். "காலையில நீங்க ஊத்துங்க. சாயங்காலம் கால்சியம் நான்."

"சரி."

தம்பி நோட்டைத் தொட்டிமேல் வைத்துவிட்டுப் படியேறினான். மேலே நாற்காலி நகர்ந்தது. பெரியவர் இருபது மில்லியை அளந்து, மெதுவாக, நீர் ஓடுகிற பக்கமாகப் பார்த்து ஊற்றினார்.