மருந்தடிக்காத ரோஜா

பஸ் டிப்போவில் இன்ஜின் பிரித்து மாட்டும் ஒரே பெண் அவள். எல்லோருக்கும் மெக்கானிக்கக்கா. ஒரு ரோஜாவின் மகரந்தத்தைப் பிரஷ்ஷால் எடுத்து இன்னொரு ரகத்துப் பூவின் சூல்முடியில் தடவி, காயைப் பழுக்கவிட்டு, விதையெடுத்து மொட்டைமாடியில் அறுபது கன்றுகள் வளர்த்தாள்.

முதல் மழையிலேயே இலைகளில் கரும்புள்ளி விழுந்தது.

"மருந்தடிச்சா பொழச்சுக்கும்ல?" என்றார் தையல்காரரான கணவர்.

"மருந்துலதான் உசுரு நிக்கும்னா, அப்படி ஒரு செடி எனக்கு வேணாம்."

"அறுபது மருமகளுக்கும் நல்ல மாமியாராத்தான் வாச்சிருக்க!"

மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாகப் போய் ஒன்றே ஒன்று மிஞ்சியது. செங்கல் நிறத்தில் சின்னப் பூ. இலையோ எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. அதில் குச்சி ஒடித்து டிப்போ சுவரோரம், டீசல் புகையில், கல்லாய் இறுகிய மண்ணில் நட்டாள். அங்கேயும் பூத்தது.

பிறகுதான் துணிந்து, புது ரகங்களைச் சோதிக்கும் ரோஜாத் தோட்டத்துக்கு ஐந்து கன்றுகள் அனுப்பினாள். இரண்டு வருடச் சோதனை. மருந்து கிடையாது, நிழல்வலை கிடையாது. நடுவில் ஒரு கோடை எல்லாவற்றையும் வாட்டியது. அடுத்த மழையில் பாத்தியில் ஒரு வாரம் தண்ணீர் நின்றது.

தோட்ட அதிகாரி போன் செய்து வரச் சொன்னார். கணவரோடு போனாள். பாத்தி பாத்தியாக முள்ளும் குச்சியும்தான் நின்றன. கடைசி வரிசையில் அவளுடைய ஐந்தும் இடுப்புயரத்துக்குப் பூத்துக் குலுங்கின.

"முப்பத்தோரு ரகத்துல இதுதாம்மா முதல். பேரு சொல்லுங்க, எழுதணும்."

"அவ பேரையே போடுங்க சார்" என்றார் கணவர்.

"வேணாம். மெக்கானிக்னு போடுங்க."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "பூவுக்கா?"

"ராணி, இளவரசின்னு எத்தனையோ பூவுக்குப் பேரு இருக்கு. வேலை செய்யறவ பேருல ஒண்ணு இருக்கட்டுமே."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். பேர்ப்பலகையை மண்ணில் ஊன்றும்வரை அவள் நகரவில்லை.

அடுத்த வருடம் வேலைக்குப் போகும் வழியில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் செங்கல் நிறப் பூக்களைக் கண்டு நின்றாள். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? மெக்கானிக் ரோஜா! எதுக்கும் அசையாது. உங்களுக்கு ஒரு குச்சி தரட்டுமா?"

"குடுங்கம்மா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.