சும்மா செய்த நாற்காலி

வியாபாரப் பயிற்சி வகுப்பில் எங்களுக்குத் தடை செய்யப்பட்ட ஒரே வார்த்தை "சும்மா."

"ஏன் செஞ்சேன்னு யாராவது கேட்டா, சும்மா செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. உங்க வேலையை நீங்களே குப்பையில போடுறதுக்குச் சமம்," என்பார் பயிற்சியாளர்.

எங்கள் வடிவமைப்புக் கல்லூரிக் கண்காட்சியில் காலையிலிருந்து, வருகிறவர்களிடமெல்லாம் என் நாற்காலியைப் பற்றிக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றி எழுவதற்காக, அதன் கைப்பிடிகளை முன்பக்கம் நீட்டி வைத்திருந்தேன்.

மதியம் பார்த்தால், பஸ் ஓட்டப் போயிருக்க வேண்டிய அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு எதிரே நிற்கிறார்.

"என்னப்பா, டூட்டி இல்லையா?"

"லீவு போட்டேன். சும்மாதான்."

காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனுஷன், சும்மா வந்தாராம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தபோது வழக்கமான "அம்மாடி" வாயில் வரவில்லை. அவருக்கே ஆச்சரியம். மறுபடி உட்கார்ந்து எழுந்து பார்த்தார்.

"இப்படி ஒண்ணு செய்யணும்னு உனக்கு ஏன்மா தோணுச்சு?"

பக்கத்தில் பயிற்சியாளர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒப்பித்ததெல்லாம் எங்கோ ஓடிப் போயிருந்தது.

"சும்மாதான்பா," என்றேன்.