இரண்டு ஜிபி ரேம்

சிங்கப்பூர் கடைக்காரர் இரண்டே வழிதான் கொடுத்தார். மடிக்கணினியில் பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டுத் தருவார், இல்லையென்றால் ரேமைக் கூட்டித் தருவார். அந்த மாதச் சலுகை ஏதாவது ஒன்றுக்குத்தான். கடையில் நின்றபடியே டாக்டர் ரகுநாதன் போனில் கேட்டார். யோசிக்க எனக்கு ஒன்றுமே இல்லை.

"ரேம், டாக்டர். ரெண்டு ஜிபி. டிஸ்க் எது இருக்கோ அதுவே போதும்."

"எண்பது ஜிபிதான் இருக்குங்கறார்."

"அது போதும்."

டாக்டர் திருச்சிக்காரர். எங்கள் தீவின் தலைநகரான சுவாவில், ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நிபுணர். எங்களுக்குக் கோயிலில் பழக்கம். லீவு முடிந்து சிங்கப்பூர் வழியாகத் திரும்புகிறவரிடம் இந்த வேலையை ஒப்படைத்திருந்தேன். சுவாவில் மடிக்கணினி கிடைக்காமல் இல்லை. ஆனால் எனக்கு வேண்டிய மாதிரி கிடைக்கவில்லை.

எனக்கு வேண்டிய மாதிரி என்றால் கட்டடம் வரைகிற மாதிரி. நான் படம் வரைபவள். கட்டடத்தைக் கணினிக்குள் தூணும் கூரையுமாக முழுசாக நிறுத்திக் காட்டுகிற வேலை. டிசம்பரில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும், எங்கள் அலுவலகத்தில் கையில் இருந்த கட்டடங்கள் எல்லாம் அப்படியே நின்றுபோயின. முதலாளி விரேந்திரா கம்ப்யூட்டர்களைப் பெட்டி கட்டிக்கொண்டு ஆக்லாந்துக்குப் போய்விட்டார். போகும்போது ஒன்று சொன்னார். அங்கே ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் வந்திருக்கிறது, அதைச் சுவாவிலிருந்தே வரைந்து மாதக் கடைசிக்குள் அனுப்ப முடிந்தால் எனக்குத் தொடர்ந்து வேலை தருவாராம்.

அந்த வேலையில்தான் எங்கள் வீடே நின்றது. என் கணவர் சலேஷ் பஸ் மெக்கானிக். அவருடைய அண்ணன் பிரிஸ்பேனில் இருக்கிறார், எங்கள் மூன்று பேரையும் அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஆள் என் மாமியார் கம்லா. அத்தைக்கு நாளைக்கே கிளம்பச் சொன்னாலும் சரிதான். சலேஷுக்கு அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. எனக்குப் போகவே பிடிக்கவில்லை. கடைசியில் சலேஷ் ஒரு முடிவு சொன்னார்: "உன் வேலை நிலைச்சுதுன்னா நாம இங்கேயே இருப்போம். நிலைக்கலேன்னா அண்ணன் அனுப்பின விசாத் தாள்ல கையெழுத்துப் போடுறோம். அதுக்கப்புறம் பேச்சு கிடையாது." சரி என்றேன். அத்தையும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியது என் புத்தி.

டாக்டர் வந்து சேர்ந்த அன்றைக்கே பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து திறந்தேன். கறுப்பாக, பளபளவென்று, பார்க்க லட்சணமாக இருந்தது. முடுக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் நூற்றறுபது ஜிபி. ரேம் வெறும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

"உங்க மாமியார் போன் பண்ணி மாத்தச் சொன்னாங்களேம்மா" என்றார். "பெரிய டிஸ்க்கே போடுங்க தம்பின்னாங்க. வீட்டுப் பெரியவங்க சொன்னதுக்கப்புறம் நான் உங்ககிட்ட திரும்பக் கேட்டா அவங்களுக்கு மரியாதை இல்லையேன்னு பேசாம இருந்துட்டேன்."

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? எங்கள் வீடுகளில் அதுதான் நடப்பு. வெளியூரிலிருந்து வருகிறவரிடம் யார் என்ன சொல்லியிருந்தாலும், கடைசியாகப் பெரியவர் போன் செய்து கேட்டதுதான் பெட்டியில் வந்து இறங்கும். டாக்டர் வந்து நாலு வருஷத்தில் எங்கள் ஊர் வழக்கத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தார். போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். "எனக்கும் அதே மாடல்ல ஒண்ணு வாங்கினேன். நீங்க முதல்ல சொன்ன மாதிரியே ரெண்டு ஜிபி ரேம் போட்டு. உங்களுக்குத் தெரியாததா!" என் ரேம் அவர் வீட்டு மேசைமேல் இருந்தது.

அத்தை சமையலறையில் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? பெருசாத்தானே கேட்டேன், சின்னதாவா கேட்டேன்?" தேய்ப்பதை அவர் நிறுத்தவில்லை. "கல்யாண வீடியோ, கோயில் வீடியோ, உன் மாமா செத்த அன்னைக்கு எடுத்த வீடியோ, எல்லாம் சிடியில கெடக்கு. இந்த மழை ஊருல எல்லாத்துலயும் பூசணம் புடிக்குது. போன வாரம் ஒண்ணு போட்டேன், மாமா மொகமே வரலே, கோடு கோடா வருது. பிரிஸ்பேனுக்குப் போகும்போது அத்தனையும் ஒண்ணா எடுத்துட்டுப் போவணும். நீ சொன்னதுல எடம் பத்தாதுன்னு கடைக்காரனே சொன்னானாம்."

"அது வேலைக்கு வாங்கின கம்ப்யூட்டர், அத்தை."

"டப்பா பெருசா இருந்தா வேலை ஓடாதா?"

ரொட்டிப் பலகையைக் காட்டித்தான் சொன்னேன். "டிஸ்க்ங்கறது மாவு டப்பா. ரேம்ங்கறது இந்தப் பலகை. டப்பா எவ்வளவு பெருசா இருந்து என்ன? பலகை உள்ளங்கை அளவு இருந்தா எதுல ரொட்டி தேய்ப்பீங்க?"

அத்தை பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ சின்ன ரொட்டியா தேய்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவருக்கு என் வேலை தெரியாது என்பதற்காக வந்த கோபம் இல்லை. அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. "பிரிஸ்பேனுக்குப் போனால்" என்று அவர் சொல்லவில்லை, "போகும்போது" என்றார்.

சின்ன ரொட்டியாகவும் தேய்த்துப் பார்த்தேன். கட்டடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, தூண்களைத் தனியாக, சுவர்களைத் தனியாக வரைந்தேன். அதுவரை ஓடியது. எல்லாவற்றையும் சேர்த்துக் கூரையைப் போட்டதும் திரை அப்படியே உறைந்துபோகும். அணைத்துப் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூரை இல்லாமல் பள்ளிக்கூடத்தை அனுப்ப முடியாது. சுவாவில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். பெரிய கம்ப்யூட்டருக்கான ரேம் எல்லா இடத்திலும் இருந்தது. மடிக்கணினிக்கானது அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். அந்தக் கப்பல் வருவதற்குள் மாதக் கடைசி வந்துவிடும்.

"விட்டுடு ஆஷா" என்றார் சலேஷ். எனக்காகத்தான் மெதுவாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியையும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

வழியில் ராணுவச் சாவடி. துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எதுக்கு?"

"டாக்டரோட கம்ப்யூட்டரைத் திறக்க."

"திருடவா?"

"கேட்டு வாங்க."

சிரித்துவிட்டான். "வினாக்கா, போங்க" என்று தன் பாஷையில் நன்றி சொல்லிப் பையைத் திருப்பிக் கொடுத்தான். அவனும் சுவா ஆஸ்பத்திரியில் பிறந்தவனாகத்தான் இருப்பான், நானும் அங்கேதான் பிறந்தேன். எங்கள் ஊர் ரோட்டில் நடக்க நான் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. இப்படி ஒவ்வொரு தடவையும் உடம்பெல்லாம் எரியும். எரிகிறபோதெல்லாம் போய்விடலாம் என்று மற்றவர்களுக்குத் தோன்றும். எனக்கு இன்னும் அழுத்தமாக உட்காரத்தான் தோன்றும். அது என்ன குணமோ தெரியாது.

டாக்டர் கதவைத் திறந்ததும் சுற்றிவளைக்காமல் கேட்டேன். "டாக்டர், உங்க ரேம் எனக்கு வேணும். என்னுடையதை நீங்க வெச்சுக்கங்க. நீங்க இதுல என்ன பண்றீங்க?"

"மெயில் பார்ப்பேன். ஞாயித்துக்கிழமை சென்னையில இருக்கற பொண்ணோட பேசுவேன். படம் தெரியும்ல?"

"தெரியும். கொஞ்சம் மெதுவா வரும். ப்ரியங்கா கோவிச்சுக்கிட்டா என்கிட்ட பேசச் சொல்லுங்க."

யோசித்தார். ஏற்கெனவே என் விஷயத்தில் சறுக்கியவர், முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் பதறிப்போனார்.

"புதுசும்மா! அதைப் போய்ப் பிரிக்கறீங்களே!"

"நீங்க மனுஷன் வயித்தையே பிரிக்கறீங்க. இது ரெண்டு ஸ்க்ரூ."

"வயிறுன்னா எனக்குப் பழக்கம்" என்றார், பாவம். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இரண்டு கணினிகளையும் கவிழ்த்துவைத்து, அடிமூடியைத் திறந்து, விரல் நீளம்கூட இல்லாத அந்தச் சின்னப் பலகைகளை எடுத்து இடம் மாற்றினேன். என்னுடையதை முடுக்கினேன். இரண்டு ஜிபி என்று காட்டியது. டாக்டர் கையே தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கட்டடத்தைத் திறந்து கூரையைப் போட்டேன். கொஞ்சம் தயங்கியது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கூரை வந்து உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தேன், சுற்றிப் பார்த்தேன், உள்ளே போய் வகுப்பறைகளைப் பார்த்தேன். எங்கேயும் நிற்கவில்லை. அன்று தொடங்கி ஒரே மூச்சாக உட்கார்ந்து முடித்தேன். கரண்ட் போனபோது பேட்டரியில் ஓட்டினேன். அத்தை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். என்னோடு பேசவில்லை, ஆனால் சாப்பாட்டுத் தட்டு மட்டும் நேரத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கெடுவுக்கு முந்தின நாளே அனுப்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை விரேந்திரா கூப்பிட்டார். மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். எல்லோரும் கேட்கட்டும் என்று போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆஷா, ரொம்ப நல்லா வந்திருக்கு. பின்பக்கப் படிக்கட்டு ஒண்ணு மட்டும் திருத்தணும், அகலம் பத்தலை. மத்தபடி குறையே இல்ல. வேலை தொடர்ந்து உண்டு."

நான் சலேஷைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அவருக்கும் இங்கேயே இருக்கத்தான் ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விரேந்திரா அதோடு நிறுத்தவில்லை.

"ஆனா நீ ஏன் அங்கே கெடந்து அல்லாடணும்? இப்படி வேலை செய்யறவளுக்கு இங்கே மேசை காலியா இருக்கு. விசாவுக்கு நான் பொறுப்பு. சலேஷுக்கும் ஒரு வேலை பார்த்துடலாம். ஆக்லாந்துக்கு வந்துடு."

அத்தை முகம் பளிச்சென்று ஆனது. சலேஷ் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நிலைத்தால் இருப்போம் என்று பேசினோம். அந்த வேலையே வந்து கையைப் பிடித்து வெளியே இழுக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. சலேஷ் நான் என்ன சொன்னாலும் சரி என்பதுபோல் நின்றார்.

"வேலையை அனுப்புங்க அண்ணா" என்றேன். "நான் வரலை."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு. படிக்கட்டைத் திருத்தி இன்னைக்கே அனுப்பறேன்."

"பிடிவாதக்காரி" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

"ரெண்டு ஊரு கூப்புடுது" என்றார் அத்தை. "ரெண்டுக்கும் மாட்டேங்கறே. அப்படி என்னடி இருக்கு இங்க? எண்பத்தேழுல ராணுவம் ஆட்சியைப் புடிச்சப்போ உன் சித்தப்பா குடும்பம் ஊரை விட்டுப் போச்சு. ரெண்டாயிரத்துல மறுபடி ஆட்சி கவுந்தப்போ உன் அம்மா போனா, அக்கா போனா. ரோட்டுல துப்பாக்கி வெச்சுட்டு நிக்கறான். உனக்குப் பயமே இல்லியா?"

இந்தக் கேள்விக்குப் பெரிய பெரிய பதிலெல்லாம் பல வருஷமாக வைத்திருந்தேன். அந்த நேரத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "பயமா இருக்கு அத்தை. ஆனா எனக்குப் போக வேணாம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

சலேஷ் போனை எடுத்து பிரிஸ்பேனுக்குப் போட்டார். "அண்ணா, நாங்க ரெண்டு பேரும் வரலை" என்றார். ரெண்டு பேரும் என்றார், மூணு பேரும் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டினார்.

அத்தை வாங்கிக் காதில் வைத்தார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "அச்சா" என்றார். மறுபடி "அச்சா" என்றார். பிறகு, "எனக்கு மட்டும் டிக்கெட் போடுப்பா. அங்க ரெண்டு பேரப்புள்ளைங்க இருக்கு. நான் பாக்கணும்" என்றார்.

சண்டை போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என்னை ஜெயிக்கவிட்டு அவர் எழுந்து போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் இல்லாத வீட்டை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"ஏர்போர்ட் வரைக்கும் நான் வர்றேன் அத்தை" என்றேன்.

"நீ வராம?" என்றார். கோபமில்லாமல், என் தலையில் கையை வைத்து. "எல்லாரையும் ஏத்திவிடறது நீதானே."

அவர் சமையலறைக்குள் போய்விட்டார். நான் அழுதேன். அழுதுகொண்டே மடிக்கணினியைத் திறந்து, பின்பக்கப் படிக்கட்டை அகலமாக்கினேன்.