பாதி மருந்து

டிபன் டப்பாவைத் திறந்து டீச்சர் அவள் மேசைமேல் வைத்தார். ஐஸ்கட்டிகளுக்கு நடுவே ஒரு கோமாளி மீன். ஆரஞ்சு நிறம் வெளுத்து, செவுள் விரிந்த நிலையிலேயே நின்றுபோயிருந்தது.

“காலைலதான் போச்சுங்க. நீங்க சொன்ன மாதிரியே ஐஸ்ல வச்சுட்டு ஓடி வந்தேன்.”

அப்பா விட்டுப்போன, தொட்டியில் வளர்க்கும் கடல்மீன்கள் விற்கும் கடையில் வாங்குவதும் விற்பதும் தம்பியின் பொறுப்பு. மீன் நோயில் விழுந்தால் பார்ப்பதும், வாங்கிப்போனவர்களுக்குப் போனில் பதில் சொல்வதும் அவள் பொறுப்பு. ‘மீன் டாக்டர் இருக்காங்களா’ என்று கேட்டுத்தான் வாடிக்கையாளர்கள் உள்ளே வருவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“சாகறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?”

“மோட்டார் தண்ணி தள்ளுற இடத்துலயே மூஞ்சிய வச்சுட்டு நின்னுச்சு. லைட் போட்டா ஓடிப்போய்க் கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும். உடம்பெல்லாம் பவுடர் பூசின மாதிரி.”

பவுடர் என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளைப்புள்ளி நோய் என்றால் உப்பைத் தூவியது போலத் தனித்தனியாகத் தெரியும். இருந்தாலும் செவுளில் ஒரு துணுக்கைக் கத்தரித்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். பழுப்பு உருண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. வெள்ளைப்புள்ளிக் கிருமி மெல்லச் சுழலும். இவை அசையவேயில்லை. வெல்வெட். மூச்சுவிடும் இடத்திலேயே குடியேறி, மீனைத் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத்திணற வைக்கும் நோய்.

“தொட்டில புதுசா என்ன போட்டீங்க டீச்சர்?”

“ஒண்ணுமே இல்லைங்க. போன தடவை எல்லாமே செத்தப்ப, ரெண்டு மாசத்துக்கு மேல மீனே இல்லாம தொட்டியக் காலியா ஓட விடச் சொன்னீங்கல்ல? விட்டேன். அப்புறம் உங்ககிட்ட வாங்கின இது ஒண்ணுதான். தீனி அதிகமாயிடுச்சுன்னு திட்டினீங்களேன்னு சிட்டிகை சிட்டிகையாத்தான் போட்டேன்.” டீச்சர் சிரித்தார். “எனக்குக் கைராசி இல்லை போல. எங்க வீட்லயும் அதையேதான் சொல்றாங்க. நீ தொட்டது எது தங்கியிருக்குன்னு.”

சொல்லிவிட்டு, உப்புத்தண்ணீரில் ஊறி வெடித்திருந்த விரல்களை மடக்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை. கோபம் வந்தால் அது முதலில் அவளையே தேடிவருவது வழக்கம். எதைக் கவனிக்காமல் விட்டோம் என்று குடைய ஆரம்பித்துவிடுவாள். இப்போதும் அப்படித்தான் குடைந்தாள். மீனே இல்லாமல் அத்தனை நாள் கிடந்த தொட்டியில் கிருமி பிழைத்திருக்க வழியில்லை. அப்படியானால் இந்த மீனோடுதான் போயிருக்கிறது. ஆனால் கடையில் ஒரு மீன்மீதும் ஒரு பொட்டு இல்லை. வரிசை வரிசையாக, துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

எழுந்துபோய்த் தொட்டிகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். பாசி தின்பதற்காகப் போன வாரம் அவள் விட்டிருந்த நத்தை, கண்ணாடியிலிருந்து நழுவி அடியில் மல்லாந்து கிடந்தது. இதற்கு முன் விட்டவையும் இப்படித்தான் போயின. மட்டமான சரக்கு என்று தம்பி சொன்னான். நம்பினாள்.

நத்தை தாங்காத மருந்து ஒன்று உண்டு.

சோதனைக்குழாயில் தண்ணீர் எடுத்துச் சோதனைத் திரவத்தில் சில சொட்டுகளை விட்டுக் குலுக்கினாள். நோயைக் கொல்லும் அளவு அந்தக் காப்பர் மருந்து இருந்தால் அடர்நீலம் வரும். இல்லாவிட்டால் நிறமே வராது. வெளிர்நீலம் வந்தது. பாதி மருந்து. கிருமி சாகாது. தோலில் தெரியாமல் செவுளுக்குள் பதுங்கிக் கிடக்கும். மருந்தில்லாத நல்ல தண்ணீருக்கு, யாரோ ஆசையாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் தொட்டிக்குப் போனதும் பெருகும்.

பின்னறையில் தம்பி ஒரு பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தான். அதற்குள் ஜோடியாக இரண்டு கோமாளி மீன்கள்.

“டீச்சருக்குத்தான்க்கா. ஃப்ரீ. சந்தோஷமா வாங்கிட்டுப் போயிடுவாங்க.”

குழாயை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இது என்னடா?”

அவன் பார்த்தான். பையின் வாயில் ரப்பர் பேண்டை இறுக்கினான். “எல்லாக் கடையிலயும் பண்றதுதான். முழு டோஸ் போட்டா தீனி எடுக்காது, வத்திப்போயிடும். ஒரு மாசம் வச்சிருந்து விக்கிறதுக்கு நம்ம என்ன மீனுக்கு ஆஸ்பத்திரியா நடத்துறோம்?”

“வீட்டுக்குக் கொண்டுபோனா சாகும்னு தெரியும்ல உனக்கு?”

“எல்லாமா சாகுது? செத்தா உனக்குப் போன் பண்ணுவாங்க. நீதான் பக்குவமாப் பேசிடுவியே. தண்ணி சரியில்ல, தீனி அதிகம்னு நீ சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. கடை ஓடுறதே உன் வாயாலதான்க்கா.”

பாராட்டுவது போலத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை பேர் போனில் விக்கி விக்கி அழுதிருக்கிறார்கள், எத்தனை பேரிடம் அலுத்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் ஒவ்வொருவரும் கைராசி இல்லையென்று தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். பாதி மருந்தைத் தண்ணீரில் கலந்தவன் இவன். மீதிப் பாதியை அவள் நாக்கில் வைத்திருக்கிறான், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

“குடு.”

“என்னது?”

“பையைக் குடுடா!”

மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்க வேண்டும். அவள் வெளியே வந்தபோது டீச்சர் எழுந்து நின்றிருந்தார். பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “ஐயோ, எனக்கா?” என்று கை நீட்டினார்.

பையை அவருக்கு எட்டாத தூரத்தில், மைக்ராஸ்கோப்பை ஒட்டி வைத்தாள்.

“டீச்சர், இதுல ஒரு கண்ணை வச்சுப் பாருங்க.”

“எனக்கு என்னங்க தெரியும்...”

“பாருங்க. உருண்டை உருண்டையாத் தெரியுதா? அதுதான் கிருமி. எங்க கடைத் தண்ணியிலேர்ந்து வந்தது. போன தடவையும் இங்கேர்ந்துதான் வந்திருக்கணும். உங்க கைல ஒண்ணுமில்ல.”

டீச்சர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நிமிராமலே கேட்டார், “அப்ப அன்னைக்கு ஏங்க என்னை அப்படித் திட்டினீங்க?”

மேசைமேல் கடையின் போன் அடித்தது. “அக்கா, போன்!” என்றான் தம்பி உள்ளேயிருந்து, எப்போதும்போல. அவள் எடுக்கவில்லை. மேசை அதிர அதிரப் பைக்குள் தண்ணீர் நடுங்கியது. இரண்டு மீன்களும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி நின்றன, செவுள்கள் படபடவென்று அடித்துக்கொள்ள.