கையை வெட்டுங்க!

கடலடியில் பாறையோடு ஒட்டிக்கிடக்கும் கடற்பஞ்சுக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. அந்தப் பிராணி தூக்கத்திலேயே செய்துவிடுகிற ஒரு மருந்துப் பொருளை, தையல்காரரின் மனைவி தன் ஆய்வகத்தில் அணு அணுவாகக் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு படி, ஆறு வருஷம். நடுவில் ஓர் அணு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து! வாளி வாளியாகத் தொடங்கியது, கடைசியில் குடுவையின் அடியில் பன்னிரண்டு மில்லிகிராமாக நின்றது. எறும்புக்கு ஒரு வேளைக்குக் காணாது.

அதுவும் பிசினாகவே கிடந்தது. படிகமானால்தான் எக்ஸ்ரேயில் வைத்து, பஞ்சு செய்ததும் இவள் செய்ததும் ஒன்றே என்று நிரூபிக்க முடியும். நாலு மாதமாகக் குளிரவைத்தாள், கண்ணாடிக் குச்சியால் சுரண்டினாள், கெஞ்சினாள். கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி முறுக்கிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் காலை அதை ஈதர் என்ற திரவத்தில் கரைத்துக் கையில் எடுத்தாள். குடுவை வழுக்கியது. அவ்வளவும் அவள் கணவர் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டின் கையில் கொட்டியது.

புதுக் கோட்டுகளுக்கு அளவெடுக்க வந்திருந்த தையல்காரர் அதே அறையில்தான் இருந்தார்.

"ஏங்க! என் கையை வெட்டுங்க! சீக்கிரம்!"

ஆயிரம் அமிலங்களுக்கு அசராத சக விஞ்ஞானி நாற்காலியில் மயங்கிச் சாய்ந்தாள். தையல்காரர் மட்டும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கை என்றால் அவருக்குச் சட்டைக் கை ஒன்றுதான்.

"முழுக்கையா, அரைக்கையா?"

"முழுசா எடுத்துடுங்க! ஆறு வருஷம் அதுலதான் இருக்கு!"

"அழாதேம்மா, கத்தரி நடுங்கும்."

தோளைச் சுற்றி ஒரே வெட்டு. துணி கழன்றது, தோல் தப்பியது. அவள் துணியைப் புது ஈதரில் ஊறவைத்து, வடிகட்டி, சின்னப் புட்டியில் மெல்ல உலர வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை புட்டிக்குள் ஒரு வெள்ளை நூலிழை, வடிகட்டிக்குத் தப்பியது. அதன்மேல் ஊசி ஊசியாய், வைரக்கடையே நாணும்படி, படிகங்கள்! பிசினுக்கு இத்தனை நாளும் தேவைப்பட்டது தொற்றிக்கொள்ள ஓர் இழை.

எக்ஸ்ரே பார்த்தார்கள். ஓர் அணு பிசகவில்லை.

அவள் தையல்கடைக்கு ஓடினாள். "உங்க நூல்லதாங்க புடிச்சிருக்கு!"

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் புட்டியை நெடுநேரம் பார்த்தார்.

"அம்மாடி! இத நீயா செஞ்சே?" கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "மொத்தம் எத்தனை படின்னே?"

"முப்பத்தொண்ணு."

"கை வெட்டுனத யாரு எண்ணுவா?"

ஆய்வுக் கட்டுரையில் முப்பத்திரண்டு என்றுதான் அச்சானது. பயன்படுத்திய பொருள்களின் பட்டியலில் கடைசி வரி: பருத்தி நூல், வெள்ளை, ஓர் இழை.