இது பயிற்சி

மு-கியோலுக்கு அன்றுதான் அந்த வருடத்தின் கடைசி வாய்ப்பு. நான் நடத்தும் கப்பல் ரேடியோ தேர்வில் தேறினால் திங்கட்கிழமை கப்பலேறுவான். தவறினால் இன்னும் ஒரு வருடம் இந்த மொக்போ துறைமுகத்தில், என் வகுப்பில், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவனுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. ஆனால் பெரியவர்கள் எதைச் சொன்னாலும், புரிகிறதோ இல்லையோ, "எஸ் சார்" என்று தலையாட்டிவிடுவான். எங்கள் ஊரில் இதை மரியாதை என்பார்கள். கடலில் இது ஆளைக் கொல்லும். அங்கே கேட்ட கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

"ஆமாஞ்சாமி வர்றாரு, வழி விடுங்கடா," என்றான் பின்வரிசை செ-சான்.

"உன் வாய்க்கு ஒரு நாள் பூட்டு போடுறேன் பாரு," என்றேன்.

பயிற்சி ரேடியோவின் கம்பி என் மேசையிலிருந்து மு-கியோலின் மேசைவரைதான் போகும்; வெளியிலிருந்து யாரும் அதில் பேச முடியாது. தேர்விலும் சரி, பழகும்போதும் சரி, ஆபத்து அழைப்பு விடுக்குமுன் முதலில் 'இது பயிற்சி' என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் அவன் அதை விழுங்கிவிட்டான். கப்பல் மூழ்குகிறது, நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

நான் வாயெடுப்பதற்குள் ரேடியோவில் ஒரு கிழட்டுக் குரல் நிதானமான ஆங்கிலத்தில் பதில் சொன்னது. "ஒருவர். கேட்டது. பக்கத்தில்தான் இருக்கிறோம். கப்பலை விட்டு இறங்கி வா."

செ-சானின் வேலை என்று திரும்பினேன். அவன் வெளிறிப்போய், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரேடியோவின் மின்கம்பியைப் பிடுங்கினேன். குரல் நிற்கவில்லை.

"இறங்கி வா."

"எஸ் சார்," என்றான் மு-கியோல்.

நான் அவன் மேசைக்கு ஓடினேன். "பயிற்சின்னு சொல்லி ரத்து பண்ணுடா."

"வயசானவரு டீச்சர். அவரை எப்படி மறுத்துப் பேசுறது?"

"எஸ் எஸ்னு சொல்லாத. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

அவன் ஒலிவாங்கியை எடுத்தான். என் சொல்லை விட்டுவிட்டு அந்தக் குரலின் சொல்லைத் திருப்பினான். "கப்பலை விட்டு இறங்கி வருகிறேன்." ஒரு தடுமாற்றம் இல்லை. இரண்டு வருடமாக நான் கேட்க ஏங்கிய பதில். பாவி, ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவன் எழுந்து போய்க் கதவைத் திறந்தான். வெளியே படகுத்துறை, அதன் விளிம்புவரை பனிமூட்டம். அந்த விளிம்பில் போய் நின்று எனக்குக் குனிந்து வணங்கினான்.

"பாஸ்தானே டீச்சர்?"

அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"ஃபெயில்," என்றேன். "வந்து உட்காரு."

ஆசிரியர் சொல்லை அவன் தட்டியதே இல்லை. வந்து உட்கார்ந்து, மேசையில் முகம் புதைத்து அழுதான். நான் அவன் தோளை விடவில்லை.

"சரி," என்றது குரல், இம்முறை எங்கள் கொரிய மொழியில். "அடுத்த தேர்வுவரை காத்திருக்கிறோம்."