எல்லா நம்பருக்கும்

"இறந்தவங்களோட போன் நம்பர்?" என்று கேட்டுவிட்டு, எழுத்தர் பேனா முனையைக் கட்டத்தின் மேல் நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்.

முதல் மூன்று எண்கள் அவள் வாய்க்குத் தானாக வந்தன. நாலாவது வரவில்லை. கைபேசியை எடுத்துத் தேடினாள். பெயர்களின் வரிசையில் அது இல்லை. பிறகுதான் எங்கே வைத்தோம் என்பது நினைவுக்கு வந்தது. தடுத்து வைத்த எண்களின் பட்டியலைத் திறந்தாள். கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள், மனை விற்பவர்கள், காப்பீட்டுக்காரர்கள், அவர்களுக்கு நடுவே 'அம்மா'. திரையை எழுத்தர் பக்கம் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள்.

"இனிமே யார் கூப்பிடப் போறாங்கன்னு என்னைக் கேக்காதீங்கம்மா. படிவத்துல கட்டம் இருக்கு, நான் நிரப்பறேன்" என்றார் எழுத்தர். யாரும் கேட்டிருக்கவில்லை.

உடலை மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் தர முடியும் என்றும் சொன்னார். கையெழுத்துப் போட வேண்டிய மருத்துவர் தேர்தல் வேலைக்கான பயிற்சிக்குப் போயிருந்தார். வாக்குப்பதிவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

அவள் வெளியே வந்து, பிணவறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவருகே நாற்காலி போட்டுக் காவலாளி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு. காவலாளியின் போன் அடித்தது. கை அழுக்காகிவிடக் கூடாதென்று முழங்கையால் தட்டி, சத்தமாகப் பேசும்படி வைத்தார்.

"வணக்கம். நான் ஒரு சாதாரண அம்மா பேசறேன். எங்க தெருவுக்கு முப்பது வருஷமா லாரித் தண்ணிதான்..."

நடையில் அந்தக் குரல் நன்றாக எதிரொலித்தது. குரலுக்குச் சொந்தக்காரி கதவுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது இழுப்பறையில் இருந்தாள்.

"கட்டின பொண்டாட்டிகூட என்னை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கூப்பிட்டதில்ல" என்று காவலாளி அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முழங்கையாலேயே அழைப்பை வெட்டினார். அவள் புன்னகைத்தாள். ஒரு மாதமாக இதற்குப் புன்னகைத்துப் பழகிவிட்டது.

அவள் நகரத்தின் தண்ணீர் வாரியத்தில் வால்வு திறக்கும் வேலையில் இருந்தாள். தோள் உயர இரும்புச் சாவி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியும்போது புறப்பட்டால், தெருத் தெருவாக மூடியைத் தூக்கி, சாவியை இறக்கி, எண்ணிப் பதினான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். மண்ணுக்கு அடியில் தண்ணீர் கிளம்பிப் போகும் சத்தம் முதலில் உள்ளங்கைக்கும் பிறகுதான் காதுக்கும் வரும். பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் புரண்டு படுப்பது போல இருக்கும் அது. அந்தச் சத்தத்துக்காகவே அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது.

ஆனால் நகரத்தின் மேற்குப் பாதிக்குக் குழாய் கிடையாது. அங்கே லாரிதான். அந்தத் தெருக்களுக்கும் குழாய் போட வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் இந்தத் தேர்தலின் முழுச் சண்டையும். வேண்டாம் என்ற வேட்பாளருக்குப் பின்னால் தண்ணீர் லாரி உரிமையாளர் சங்கம் நின்றது. பேருந்துகளின் முதுகில், பாலங்களின் வயிற்றில், எங்கே பார்த்தாலும் சங்கத்தின் பணம் வண்ணம் வண்ணமாகச் சிரித்தது. போதாதென்று, தினமும் மத்தியானம் பன்னிரண்டுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் நகரத்தின் ஒவ்வொரு போனையும் கூப்பிட்டு, குழாய் வந்தால் கட்டணம் வரும், மீட்டர் வரும், கடன் வரும் என்று ஒரு அம்மா பேசினாள்.

முதல் நாள் 'வணக்கம்' என்றதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே வெட்டினாள். அடுத்த வேளை வேறு எண்ணிலிருந்து வந்தது. அதையும் வெட்டினாள். தண்ணீர் வாரியத்துக் கொட்டகையில் தேநீர் நேரத்தில் ஆண்கள் குரலை ஒடித்து, "வணக்கம், நான் ஒரு சாதாரண அம்மா பேசறேன்" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். பம்பு ஓட்டுபவர் அதில் கெட்டிக்காரர். மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார், அசல் அம்மாவேதான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது தன் அம்மா என்று யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவிடம் பேச்சை நிறுத்தி அப்போதே ஏழு மாதம் ஆகியிருந்தது. அவள் கணவனைப் பிரிந்து வந்த வாரத்தில், அம்மா இவளுக்குத் தெரியாமல் அவனுடைய அலுவலகத்துக்குப் போய், வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, என் பெண் கொஞ்சம் முன்கோபக்காரி, மனசு கெட்டதில்லை என்று மன்றாடியிருந்தாள். அவன் அதைச் செய்தியாக அனுப்பி, கீழே ஒரு சிரிக்கும் முகமும் போட்டிருந்தான். "இனிமே எனக்காக நீ யார்கிட்டயும் பேசாத" என்று போனில் சொல்லி, அப்படியே அந்த எண்ணைத் தடுத்துவைத்தாள். அம்மா இரண்டு முறை இரண்டு பேருந்து மாறி வந்து, பூட்டிய வீட்டின் படியில் உட்கார்ந்துவிட்டுப் போனதாக எதிர்வீட்டார் சொன்னார்கள். அதில் ஒரு முறை வீடு உள்ளிருந்துதான் பூட்டியிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு அவள் அம்மாவின் வீட்டைத் திறந்தபோது, காலையில் அம்மாவைக் குளியலறையில் கண்டெடுத்த தையல்கார அக்கா கூடவே வந்து நின்றாள். கீழ்ப் பகுதியில் தையல் கடை வைத்திருப்பவள். அம்மா எப்படி விழுந்திருந்தாள், யார் யார் தூக்கினார்கள், ஆம்புலன்ஸ் எந்த முனையில் வழி தப்பியது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"நீ இங்க வந்ததே இல்லல்ல?"

வந்ததில்லை. அம்மா இந்த இரண்டு அறைக்கு மாறியது இவள் பேச்சை நிறுத்திய பிறகுதான். சுவரில் புகைப்படங்கள் அவளுக்குத் தெரிந்தவை, சுவர் தெரியாதது. விளக்கு எரிய எந்த ஸ்விட்சைப் போடுவதென்று அக்காதான் காட்டிக்கொடுத்தாள். நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது.

அக்கா கீழே இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் லாரிச் சங்கத்தின் செயலாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மாடியேறியதில் மூச்சு வாங்கியது. கையில் மலர் வளையம், அதன் குறுக்கே சங்கத்தின் பெயர் அச்சடித்த நாடா. அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொண்டார். நல்ல மனுஷர் போலத்தான் தெரிந்தார். அம்மாவின் மூட்டு வலிக்கு அவரே ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தாராம்.

வந்த விஷயத்தை அவர் சுற்றிச் சுற்றிச் சொன்னார். அம்மாவின் குரலை இன்னும் மூன்று நாள் ஓட்ட வேண்டும். இறந்தவர் குரல் என்பதால், வாரிசின் கையெழுத்து இல்லாமல் ஓட்டினால் எதிர்த்தரப்பு வழக்குப் போடும் என்று சங்கத்து வக்கீல் பயப்படுகிறார். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அப்புறம், வாக்குப்பதிவு முடிகிறவரை சாவு விஷயம் கொஞ்சம் வெளியே தெரியாமல் இருந்தால் நல்லது. அடக்கத்துக்கான எல்லாவற்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

தான் வேலை பார்க்கும் இடம் தெரியுமா என்று அவள் கேட்டாள்.

"தெரியும்மா. அந்தப் பக்கம் மட்டும் என்ன தர்ம சத்திரமா நடக்குது? குழாய் கம்பெனிக்காரங்க சங்கம் இல்லையா? உங்க கொட்டகைக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தது யாரு?"

அது உண்மைதான். அந்த மஞ்சள் மழைக்கோட்டு அவளிடமும் இருந்தது, முதுகில் குழாய் வேண்டும் என்ற வேட்பாளரின் முகத்தோடு. மழையில் நிற்கும்போது யாரோ பின்னாலிருந்து அவளுக்காகச் சிரித்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

அம்மாவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டாள். அதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தது போல அவள் குரல் கூர்மையாக வந்தது.

செயலாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "வாங்கலம்மா. நாங்க எவ்வளவோ சொன்னோம். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. இது எல்லா நம்பருக்கும் போகுமான்னு."

அவள் கையிலிருந்த போனைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"போகும்னோம். நம்பல. ஒரு துண்டுச் சீட்டுல நம்பர் எழுதி எடுத்துட்டு வந்திருந்தாங்க, இது உங்க லிஸ்ட்ல இருக்கா பாருங்கன்னு. கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டின பிறகுதான் மைக் முன்னாடி உக்காந்தாங்க." கொஞ்சம் நிறுத்தி, "கடைசியில நாங்க எழுதிக் கொடுக்காத ஒரு வரி சேத்தாங்க. நீங்க கேட்டிருப்பீங்களே" என்றார்.

கேட்டதில்லை என்று அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"'சாப்பிட்டியாம்மா, உடம்பைப் பாத்துக்கோ'ன்னு. விளம்பரக்காரங்க வெட்டணும்னாங்க. அப்புறம் பரிசோதிச்சுப் பாத்தா, அந்த வரி இருக்கற போனைத்தான் ஜனங்க முழுசாக் கேக்கறாங்க. அஞ்சுல ஒருத்தர் கடைசி வரைக்கும். இந்தத் தொழில்ல அது ரொம்பப் பெரிய விஷயம்மா. நாங்க செலவு பண்ணின மத்த எதுவும் அப்படி வேலை செய்யல." பெருமையாக ஆரம்பித்த வாக்கியம் பாதியிலேயே கூச்சப்பட்டு, கடைசியில் முணுமுணுப்பாக முடிந்தது.

கீழே தையல் இயந்திரம் ஓடி நின்றது, மறுபடி ஓடியது. நகரம் முழுக்க முன்பின் தெரியாத யார் யாரோ, சமையலறைகளிலும் பேருந்து நிறுத்தங்களிலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரிக்காகக் காத்து நிற்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். காதுகளின் நீண்ட வரிசை. வரிசையில் அவளை மட்டும் காணவில்லை.

செயலாளர் இன்னொன்றும் சொன்னார். ஒலிப்பதிவு மொத்தம் நாற்பது நிமிஷம். பன்னிரண்டு தடவை பேசவைத்தார்கள். நடுநடுவே அம்மா பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள். "எல்லாம் உங்களப் பத்திதான். என் பொண்ணு கை வெச்சாத்தான் இந்த ஊருக்குத் தண்ணின்னு ஒரே பீத்தல். ஐயோ, அதைச் சொல்லாதீங்கம்மான்னு நாங்கதான் நிறுத்தினோம்." கையெழுத்துப் போட்டால் அந்த நாற்பது நிமிஷத்தையும் இப்போதே அவள் போனுக்கு அனுப்பிவிடுவார். போடாவிட்டால், வக்கீல் சொன்னபடி எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். சங்கத்தில் அம்மாவின் குரல் இருந்ததற்குத் தடயமே இருக்கக் கூடாதாம்.

காகிதத்தை அவள் மடியில் வைத்து, பேனாவையும் திறந்து கொடுத்தார்.

அவளிடம் அம்மாவின் குரல் ஒரு துளிகூட இல்லை. பழைய செய்திகளை எல்லாம் அந்த எண்ணைத் தடுத்த அன்றே துடைத்திருந்தாள். நாற்பது நிமிஷம். அவள் காலையில் மேற்கு எல்லையின் கடைசி வால்வைத் திறந்து, மறுபடி மூடும்வரை ஆகிற நேரம். அதற்கு அப்பால் குழாய் இல்லை, மண்தான். அங்கே நின்று பார்த்தால் இந்தத் தெரு தெரியும். பேனாவைக் காகிதத்தில் வைத்தாள். மையின் ஒரு சிறிய புள்ளி விழுந்து பரவியது. எடுத்துவிட்டாள்.

"அது எனக்கு வந்த போன்" என்றாள். "ஊருக்கெல்லாம் எதுக்கு?"

"ஒரு தடவை யோசிங்கம்மா. போனா வராது."

"அவங்க எனக்காகப் பேசினதுக்கே நான் பேச்சை நிறுத்தினேன். இப்ப அவங்களுக்காக நான் எப்படிப் பேசறது?"

அவர் இன்னும் இரண்டு முறை யோசிக்கச் சொன்னார். அப்புறம் காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டு, வாசலில் நின்றபடி யாரையோ கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினார். 'ஆமா, அந்தம்மாவுதுதான், முழுசா அழிச்சிடுங்க' என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. திரும்பி வந்து, மலர் வளையத்திலிருந்து சங்கத்தின் நாடாவை ஊசி ஊசியாகக் கழற்றி, சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெறும் வளையத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

அவர் படியில் பாதி இறங்கியதும்தான் அவளுக்குத் தோன்றியது.

"ஆறு மணிக்கு வர்றது?" என்று மேலிருந்து கேட்டாள்.

"அதையும் நிறுத்தியாச்சும்மா. நீங்கதானே சொன்னீங்க" என்றார் அவர், தவறு ஏதும் செய்துவிட்டோமோ என்பது போல அண்ணாந்து பார்த்து.

அவள் "சரி" என்றாள்.

இருந்தாலும் போனின் சத்தத்தை முழுவதும் கூட்டி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆறு மணி ஆனது. எதிர் மாடியில் ஒருத்தி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடைக்காரர் கல்லாவில் போனைப் பார்த்தபடி இருந்தார். தெருவில் எந்த வீட்டிலும் எதுவும் அடிக்கவில்லை. அடிக்காததை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. ஆறு நாலு. ஆறு ஏழு.

தெரு முனையில் தண்ணீர் லாரி திரும்பியது. அப்போதுதான் கீழே நடைபாதையோரம் பிளாஸ்டிக் டிரம்களும் குடங்களும் முந்தின ராத்திரியிலிருந்தே வரிசையில் நின்றுகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். ஆட்கள் வீடுகளிலிருந்து வந்து தங்கள் தங்கள் டிரம்முக்குப் பின்னால் நின்றார்கள். வரிசை நகர நகர, ஆளில்லாமல் நின்ற ஒரு சின்னப் பச்சை டிரம்மைப் பின்னால் நின்றவர் காலால் முன்னே தள்ளினார். மறுபடி நகர்ந்ததும் மறுபடி தள்ளினார். குழாயின் கீழே அது வந்தபோது லாரிக்காரர் ஒன்றும் கேட்காமல் நிரப்பினார். நிரம்பி வழிந்த பிறகுதான் தலையைத் தூக்கி, "யாருது இது?" என்றார்.

தையல்கார அக்கா மேலே நிமிர்ந்து, ஜன்னலைப் பார்த்தாள்.

அவள் இறங்கிப் போய் அதை எடுத்தாள். அக்கா ஒரு பக்கம் பிடிக்க வந்தபோது, வேண்டாங்க்கா, நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டாள். வாரியத்தில் இரும்புச் சாவி சுமக்கிற கை அவளுடையது. ஆனாலும் மூன்று படிக்கு ஒரு முறை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் தளும்பிப் படியில் கொட்டியது. மேலே வந்து வாசலைத் தாண்டியதும் நின்றாள். சமையல் மூலையைப் பார்த்தாள், குளியலறைப் பக்கம் பார்த்தாள். அம்மா இதை எங்கே வைப்பாள் என்று தெரியவில்லை.

கை வலிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு அறையின் நடுவில் நின்றாள்.